இப்படிக்கு, நோயாளி

மனைவி: ...அதைத்தான் சொல்றேன். ரெண்டு கவர் மேலயும் "சி.டி."ன்னு ஒரே மாதிரி எழுதி வச்சா யாருக்குங்க தெரியும்?

அறிவிப்பாளர்: ஒண்ணு சி.டி. ஸ்கேன். இன்னொண்ணு பாட்டு கேக்குற சி.டி. வேற எப்படி எழுதறது?

மனைவி: ஸ்கேன்னு எழுதலாம்ல.

அறிவிப்பாளர்: எழுதலாம். இப்பத்தான் தோணுது.

மனைவி: நாலாவது செவ்வாய்க்கிழமை தோணுது.

அறிவிப்பாளர்: ஆனா அன்னிக்குக் காலைல நான் பாத்துத்தான் பையில வச்சேன். எனக்கு நல்லா...

மனைவி: பேசாதீங்க. குரலுக்கு ஓய்வு குடுக்கச் சொல்லியிருக்காங்க.

அறிவிப்பாளர்: நீதானே கேள்வி கேட்ட?

மனைவி: கேட்டா தலையாட்டுங்க.

அறிவிப்பாளர்: "எப்படி எழுதறது"ன்னு எப்படித் தலையாட்டறது?

மனைவி: இதோ பாருங்க, தொண்டை கரகரன்னு தகரத்தை இழுத்த மாதிரி இருக்கு. இந்தத் தகரத்தை வச்சுக்கிட்டு வாதாடணுமா? எதிர்ல அந்தக் கதவைப் பாருங்க. உள்ள எட்டு டாக்டர் உக்காந்து உங்க தொண்டையைப் பத்திப் பேசப் போறாங்க. அவங்க பேசட்டும். நீங்க சும்மா இருங்க.

அறிவிப்பாளர்: மூணு வாரமா அவங்களும் சும்மாதானே இருக்காங்க.

மனைவி: முதல் வாரம் சும்மா இல்ல. உங்களைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

அறிவிப்பாளர்: சரி விடு...

மனைவி: விடறதா? சிஸ்டர் சொன்னப்ப எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. லைட்டை அணைச்சிருக்காங்க. திரைல குரல்வளைப் படம் வரும்னு எட்டு பேரும் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. வந்தது என்ன? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

அறிவிப்பாளர்: நல்ல பதிவு அது. நான் லீவு போட்டா பஸ் ஸ்டாண்ட்ல ஓட்டறதுக்குன்னு மேனேஜர் எடுத்து வச்சது. எனக்கும் ஒரு காப்பி குடுத்தார்.

மனைவி: அதை எப்படி நிறுத்தறதுன்னு ஒருத்தருக்கும் தெரியலையாம். எல்லாரும் பெரிய பெரிய படிப்பு. பதினொரு நிமிஷம் முழுசாக் கேட்டிருக்காங்க.

அறிவிப்பாளர்: ஒரு டாக்டர் அவர் ஊருக்குப் போற அஞ்சரை மணி வண்டியைக் குறிச்சுக்கிட்டாராமே.

மனைவி: அதுல பெருமை வேற.

அறிவிப்பாளர்: ஒருத்தருக்காவது உபயோகமா இருந்துச்சுல்ல. அந்த ரூம்ல அன்னிக்கு எடுத்த ஒரே முடிவு அதுதான்.

மனைவி: தலையாட்டுங்கன்னு சொன்னேன்.

அறிவிப்பாளர்: ம்.

மனைவி: ரெண்டாவது வாரம், உங்க தொண்டைல இருந்து கிள்ளி எடுத்த சதை கண்ணாடித் தகடுல வரணும், வரல. பழைய ஆஸ்பத்திரிக்காரன் அனுப்பிட்டேன்றான். இங்க வந்து சேரலைன்றான். அது நடுவழில எந்த ஸ்டாப்ல இறங்குச்சோ. மூணாவது வாரம் எல்லாம் வந்தாச்சு. படம் வந்தாச்சு, தகடு வந்தாச்சு, எட்டு பேரும் வந்தாச்சு. அப்புறம் என்ன கேடு? "கூடுதல் தெளிவு தேவை. ஒத்திவைக்கப்பட்டது." என்ன தெளிவுன்னு கேட்டா, அதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லைன்னு கவுண்ட்டர்ல ஒரு பொண்ணு.

அறிவிப்பாளர்: பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குழு முடிவு என்னும் விரைவுப் பேருந்து, மூன்று வாரம் தாமதமாக, எந்த நடைமேடை என்று ஓட்டுநருக்கே தெரியாத நிலையில்...

மனைவி: வாயை மூடறீங்களா?

அறிவிப்பாளர்: இருபத்திரெண்டு வருஷமா இந்த ஒரு வரியைத்தான் சொல்ற.

மனைவி: இருபத்திரெண்டு வருஷமா நீங்க மூடலையே. என் தையக்கடை பஸ் ஸ்டாண்ட் சுவரை ஒட்டி. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் சுவரைத் தாண்டி உங்க குரல். வீட்டுக்கு வந்தா அதே குரல் உப்பு கம்மின்னு அறிவிக்குது. ஒருநாளாவது அமைதியா ஒரு பேன்ட்டுக்கு ஓரம் அடிச்சிருப்பேனா?

அறிவிப்பாளர்: இனிமே அடிக்கலாம்.

மனைவி: ...என்ன பேச்சு இது.

அறிவிப்பாளர்: சும்மா சொன்னேன்.

மனைவி: இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் ஓய்வு குடுக்கச் சொன்னாங்க.

அறிவிப்பாளர்: ஏன், அதுல என்ன தப்பு? ஆபரேஷன் டாக்டர் என்ன சொன்னார்? குரல்வளையை எடுத்துட்டா வேரோட போச்சுன்னார். ரேடியேஷன் டாக்டர் என்ன சொன்னார்? ஏழு வாரம் கதிர் வச்சுப் பார்ப்போம், குரல் தங்கினாலும் தங்கும்னார். மூணாவதா மருந்து டாக்டர், யார் எது செஞ்சாலும் கூடவே என் பாட்டிலும் தொங்கணும்னார். மூணு ரூமுக்குப் போயிட்டு வந்தா எனக்கு மூணு வியாதி மாதிரி இருந்துச்சு.

மனைவி: அதனாலதானே தனித்தனியா ஒண்ணும் சொல்ல மாட்டோம், சேர்ந்து உக்காந்து ஒரே முடிவா சொல்றோம்னாங்க. நல்ல ஏற்பாடு. உக்காந்தா நல்லா இருக்கும்.

அறிவிப்பாளர்: உக்காந்துட்டுத்தான் இருக்காங்க. நம்ம பேர் வந்தா எந்திரிச்சுடறாங்க.

மனைவி: கதவு திறக்குது. சிஸ்டர்தான். கொஞ்சம் பாவமா மூஞ்சியை வைங்க.

அறிவிப்பாளர்: எனக்கு கேன்சர். இதுக்கு மேல எப்படி வைக்கறது?

சிஸ்டர்: அம்மா, உங்களை இங்க யாரு உக்காரச் சொன்னா? முடிவு ஆனதும் போன்ல சொல்வோம்னு சொன்னேன்ல?

மனைவி: மூணு வாரமா போன் வந்துச்சு சிஸ்டர். முடிவுதான் வரல. அதான் நேர்ல வந்து புடிச்சுக்கலாம்னு.

சிஸ்டர்: இன்னிக்குப் பன்னிரெண்டு பேர் லிஸ்ட்ல. ஐயா ஏழாவது. இப்ப நாலாவது ஓடுது.

மனைவி: போன வாரமும் ஏழாவதுதான். என்னமோ தெளிவு வேணும்னு தள்ளிட்டீங்க. ஒரு மனுஷன் தொண்டைல கட்டியோட உக்காந்திருக்கான், உங்களுக்கு என்னம்மா அதுல தெளிவில்ல?

சிஸ்டர்: நல்லவேளை, நீங்களே கேட்டீங்க. நான் சாயங்காலம் உங்களைக் கூப்பிடறதா இருந்தேன். ஐயா, "நோயாளியின் விருப்பம்"னு ஒரு தாள் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? முதல் வாரத்துக்கு அப்புறம்.

அறிவிப்பாளர்: ம்.

சிஸ்டர்: எழுதிக் குடுத்தீங்களா?

அறிவிப்பாளர்: ...ம்.

மனைவி: எப்ப குடுத்தீங்க?

அறிவிப்பாளர்: குரலுக்கு ஓய்வு.

மனைவி: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எப்ப குடுத்தீங்க? எங்கிட்ட சொல்லவே இல்லையே?

சிஸ்டர்: அம்மா, ஒரு நிமிஷம். பிரச்சினை என்னன்னா, ஃபைல்ல ரெண்டு தாள் இருக்கு.

அறிவிப்பாளர்: ரெண்டா?

சிஸ்டர்: ரெண்டு. படிக்கிறேன், கேளுங்க. முதல் தாள்: "குரல் முக்கியமில்லை. எது உறுதியோ அதைச் செய்யவும். தாமதிக்க வேண்டாம். இப்படிக்கு, நோயாளி." ரெண்டாவது தாள்: "குரல் கண்டிப்பா இருக்கணும். அதுக்கு எத்தனை வாரம் ஆனாலும் சரி. இப்படிக்கு, நோயாளி." ரெண்டு கையெழுத்தும் வேற. எட்டு பேரும் பாத்தாங்க. பெரிய டாக்டர் உடனே ஃபைலை மூடிட்டார். இது ஒரு ஆள் ஃபைல் இல்ல, வேற யாரோட தாளோ கலந்திருக்கு. தாள் கலந்தா ஸ்கேனும் கலந்திருக்கலாம், ஆள் மாறித் தொண்டையை அறுத்துட்டா யார் பதில் சொல்றதுன்னார். அதுதான் கூடுதல் தெளிவு. நான் ரெக்கார்ட் ரூம்ல மூணு நாள் உக்காந்து எண்பத்திரெண்டு ஃபைல் பிரிச்சேன். தும்மித் தும்மி மூக்கு போச்சு. இதே தொண்டை வியாதியோட இன்னொரு நோயாளியைத் தேடறேன், தேடறேன், கிடைக்கவே இல்ல.

அறிவிப்பாளர்: எப்படிக் கிடைப்பா? பக்கத்துல உக்காந்திருக்கா.

மனைவி: என்னை ஏன் பாக்குறீங்க?

அறிவிப்பாளர்: "கண்டிப்பா"ல ஒரு சுழி சுழிச்சிருப்பாங்க, பாருங்க சிஸ்டர். ஜாக்கெட் அளவு எழுதற கை.

சிஸ்டர்: ...ஆமா. சுழி இருக்கு.

மனைவி: இவர் எழுத மாட்டார்னு நினைச்சேன் சிஸ்டர். எதைக் குடுத்தாலும் அப்புறம்னு மடிச்சு வைக்கிற ஆள். கவுண்ட்டர் பொண்ணு, விருப்பத் தாள் தந்தாச்சான்னு கேட்டுச்சு. இன்னொண்ணு குடும்மான்னு வாங்கி நானே எழுதிட்டேன்.

சிஸ்டர்: "இப்படிக்கு, நோயாளி"ன்னா?

மனைவி: கீழ அச்சடிச்சே இருந்துச்சு. நான் என்ன பண்றது?

சிஸ்டர்: அம்மா... ஐயா... நான் ஒண்ணு சொல்லட்டுமா? உள்ள எட்டு டாக்டர் இருக்காங்க. அதுல ரெண்டு பேருக்கு அஞ்சு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. ஒருத்தர் ஏ.சி. வேணும்பார், ஒருத்தர் வேணாம்பார். அவங்களே வாரத்துக்கு ஒருநாள் ஒரே மேஜைல உக்காந்து ஒரு முடிவுக்கு வந்துடறாங்க. நீங்க ரெண்டு பேர் ஒரே வீட்டுல உக்காந்து ஒரு தாள் எழுத முடியலையா?

அறிவிப்பாளர்: எங்க வீட்டுல ஏ.சி. இல்ல.

சிஸ்டர்: இந்தாங்க. புதுத் தாள். ஒரு தாள், ஒரு விருப்பம், ஒரு கையெழுத்து. ஆறாவது முடியறதுக்குள்ள எங்கைல வேணும். இல்லேன்னா அடுத்த செவ்வாய். நான் உள்ள போயிட்டு வரேன்.

மனைவி: ...எதுக்கு அப்படி எழுதினீங்க?

அறிவிப்பாளர்: பேசலாமா?

மனைவி: எரிச்சலைக் கிளப்பாதீங்க. எதுக்கு எழுதினீங்க?

அறிவிப்பாளர்: நீ மருந்து வாங்கப் போனப்ப ஆபரேஷன் டாக்டரைத் தனியாப் போய்ப் பாத்தேன். எது உறுதின்னேன். எடுத்துட்டா உறுதின்னார்.

மனைவி: அவர் ஆபரேஷன் டாக்டர். தையக்காரிகிட்ட வந்து கேட்டா நான் தைக்கணும்னுதான் சொல்வேன்.

அறிவிப்பாளர்: நீ யார்கிட்ட கேட்ட?

மனைவி: ...ரேடியேஷன் டாக்டர்கிட்ட.

அறிவிப்பாளர்: தனியா?

மனைவி: நீங்க எக்ஸ்ரே எடுக்கப் போனப்ப.

அறிவிப்பாளர்: நல்ல குடும்பம்.

மனைவி: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உங்க குரலை எடுத்துக்கங்கன்னு என்னமோ பழைய சைக்கிளைத் தூக்கிக் குடுக்கற மாதிரி எழுதிக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து உப்பு கம்மின்றீங்க.

அறிவிப்பாளர்: அன்னிக்கு உண்மையிலேயே கம்மி.

மனைவி: விளையாடாதீங்க.

அறிவிப்பாளர்: விளையாடல. நான் ஒண்ணுதான் யோசிச்சேன். குரல் தங்கி ஆள் தங்கலைன்னா? அந்த சி.டி.யை பஸ் ஸ்டாண்ட்ல ஓட்டிக்கிட்டே இருப்பாங்க. நான் இருக்க மாட்டேன். நீ சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்து அதைக் கேட்டுக்கிட்டு ஓரம் அடிச்சுக்கிட்டு இருக்கணும். அதுக்கு, பேசாத ஆள் வீட்டுல உக்காந்திருந்தா பரவாயில்லைன்னு நினைச்சேன். நீயும் கேட்ட அமைதி கிடைக்கும்.

மனைவி: போன ஆடி மாசம் பத்து நாள் காய்ச்சல் வந்து நீங்க லீவு போட்டீங்கள்ல, அப்ப அந்த சி.டி.யை ஓட்டினாங்க. கடைல எல்லாரும், என்னக்கா, மாமா வேலைக்கு வந்துட்டாரான்னு கேட்டாங்க. நான் தையல் மெஷினை நிறுத்திட்டேன்.

அறிவிப்பாளர்: ஏன்?

மனைவி: நீங்க "நடைமேடை மூன்று" சொல்றதுக்கு முன்னாடி லேசா இருமுவீங்க. எப்பவும். மூணுக்கு மட்டும். அதுல இருமல் இல்ல. பத்து நாள் ஒரு துணி உருப்படியா தைக்கல நான். ஒரு பேன்ட்டுல ரெண்டு காலையும் சேர்த்துத் தைச்சுட்டேன்.

அறிவிப்பாளர்: எங்கிட்ட சொல்லவே இல்லையே.

மனைவி: சொன்னா உங்களைப் பிடிக்க முடியுமா? இன்னும் சத்தமா அறிவிப்பீங்க.

அறிவிப்பாளர்: ...இருமலை அப்பவே காட்டியிருக்கணும் டாக்டர்கிட்ட.

மனைவி: இருபத்திரெண்டு வருஷ இருமலை எந்த டாக்டர் பாப்பான்? பேனாவை எடுங்க. மணியாகுது. ஆபரேஷன்னே எழுதுங்க.

அறிவிப்பாளர்: என்னது? நான் ரேடியேஷன்னு எழுதப் போறேன்.

மனைவி: வேணாம். நீங்க சொன்னதுதான் சரி. ஆள் இருந்தா போதும்.

அறிவிப்பாளர்: அதெல்லாம் முடியாது. மெஷினை நிறுத்திட்டேன்றா, ரெண்டு காலைச் சேர்த்துத் தைச்சேன்றா, இப்ப ஆபரேஷன்றா.

மனைவி: எழுதுங்கன்றேன்.

அறிவிப்பாளர்: எழுத மாட்டேன்றேன்.

சிஸ்டர்: ஆறாவது முடியப் போகுது. எழுதிட்டீங்களா?

மனைவி: ஆபரேஷன்.

அறிவிப்பாளர்: ரேடியேஷன்.

சிஸ்டர்: ...ஃபைல்ல இருந்ததுக்கு அப்படியே நேர்மாறு. ரெண்டாவது தாள் வேணுமா? என்கிட்ட ஒரு கட்டு இருக்கு.

மனைவி: சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. எது நல்லது?

சிஸ்டர்: நான் சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு யோசிங்க. உயிர் விஷயத்துல ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருந்தா, உங்ககிட்ட எதுக்கும்மா தாள் குடுக்கப் போறாங்க? அவங்களே எழுதிட்டுப் போயிருப்பாங்க. இந்த நிலைமைல ரெண்டு வழியும் இருக்கு. அதனாலதான் விருப்பம் கேக்கறாங்க.

அறிவிப்பாளர்: ஆபரேஷன் டாக்டர் உறுதின்னாரே?

சிஸ்டர்: தனியாக் கேட்டா எல்லாரும் அவங்கவங்க வழிதான் உறுதிம்பாங்க. அதுக்குத்தான் எட்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டறோம். ரேடியேஷனும் லேசு இல்ல ஐயா. நடுவுல முழுங்கவே முடியாது, இருக்கிற குரலும் கொஞ்ச நாள் போயிடும். திரும்பி வரும்னு எழுதிக் கையெழுத்துப் போட யாரும் தயாரா இல்ல. கதிருக்குக் கட்டி கரையலைன்னா அப்புறமும் ஆபரேஷன் பண்ணலாம். அந்தக் கதவை யாரும் மூடல. எழுதுங்க. நின்னுக்கிட்டு இருக்கேன்.

மனைவி: ...எழுதுங்க.

அறிவிப்பாளர்: எதை?

மனைவி: உங்க தொண்டை. உங்க இஷ்டம்.

அறிவிப்பாளர்: இருபத்திரெண்டு வருஷத்துல முதல் தடவை.

சிஸ்டர்: ஐயா...

அறிவிப்பாளர்: எழுதிட்டேன். படிக்கிறேன். "முதலில் குரலோடு முயன்று பார்க்கவும். இயலாது என்று நீங்கள் எட்டு பேரும் கருதினால், எடுத்துவிடவும். இரண்டுக்கும் தயார். இப்படிக்கு, நோயாளி." அடைப்புக்குறிக்குள்ள "மனைவி உட்பட"ன்னு போட்டிருக்கேன். இந்தா, நீயும் ஒரு கையெழுத்துப் போடு. இந்தத் தடவை உன் பேர்ல.

சிஸ்டர்: கடவுளே, ஒரு தாள். குடுங்க, குடுங்க. கூப்பிட்டுட்டாங்க.

மனைவி: ...கதவைச் சாத்திட்டாங்க.

அறிவிப்பாளர்: ம்.

மனைவி: உள்ள சிரிக்கிறாங்க போல.

அறிவிப்பாளர்: அந்த அஞ்சரை மணி வண்டி டாக்டரா இருக்கும். நேரம் மாத்திட்டாங்க, அஞ்சே முக்கால்னு போய்ச் சொல்லட்டுமா?

மனைவி: உக்காருங்க.

அறிவிப்பாளர்: முந்தானையை ஏன் இப்படி இழுத்துப் போத்திக்கிற?

மனைவி: ஏ.சி. காத்து.

அறிவிப்பாளர்: காரிடார்ல ஏது ஏ.சி.?

மனைவி: தலையாட்டுங்க.

அறிவிப்பாளர்: ம்.

மனைவி: ...எத்தனை நிமிஷம் ஆச்சு?

அறிவிப்பாளர்: ஒன்பது. நமக்கு முன்னாடி இருந்தவருக்குப் பன்னிரெண்டு ஆச்சு.

மனைவி: வர்றாங்க. எந்திரிங்க.

சிஸ்டர்: முடிஞ்சுது. எட்டு பேரும் ஒரே முடிவு. ரேடியேஷன். ஏழு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள், கூடவே மருந்து. முடிஞ்சதும் திரும்ப ஸ்கேன் எடுத்து இதே மேஜைக்கு வருவீங்க. கட்டி மிச்சம் இருந்தா ஆபரேஷன் டாக்டர் தயாரா இருக்கார். வர்ற திங்கள்கிழமை முகத்துக்கு அளவெடுக்க வாங்க. அசையாம இருக்க முகமூடி மாதிரி ஒண்ணு செய்வாங்க.

மனைவி: அளவா? அதை மட்டும் நான் பாக்கணும் சிஸ்டர். அவங்களுக்கு அளவெடுக்கத் தெரியுதான்னு.

சிஸ்டர்: வாங்க, வாங்க. ஐயா, உங்களுக்குத் தெரியுமா, ஆபரேஷன் டாக்டர்தான் முதல்ல ரேடியேஷனுக்குக் கை தூக்கினார். எனக்கே ஆச்சரியம். முதல் வாரம் லிஸ்ட்ல உங்க பேருக்கு நேரா அவர் பென்சில்ல "ஆபரேஷன்"னு எழுதியே வச்சிருந்தார்.

அறிவிப்பாளர்: அப்புறம்?

சிஸ்டர்: அப்புறம் என்ன, உங்க பஸ் ஸ்டாண்ட் சி.டி.தான். நீங்க ஃபாரத்துல தொழில்னு கேட்ட இடத்துல "போக்குவரத்து"ன்னு எழுதிட்டீங்க. எல்லாரும் டிரைவர்னு நினைச்சுட்டோம். பதினொரு நிமிஷம் கேட்டு முடிச்சதும் பெரிய டாக்டர்தான் கேட்டார்: நாம எடுக்கப் போறது இதையா, இந்த ஆள்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு. அன்னிக்குச் சாயங்காலம்தான் அந்த விருப்பத் தாளை எடுத்துக்கிட்டு உங்களைத் தேடி வந்தேன். சரி, எட்டாவது பேரைக் கூப்பிடணும். திங்கள்கிழமை, ஒன்பது மணி. ஸ்கேன் சி.டி.யை மறக்காதீங்க. ஸ்கேன்.

அறிவிப்பாளர்: ...கேட்டியா?

மனைவி: ம்.

அறிவிப்பாளர்: மூணு வாரமா என்ன திட்டு திட்டின. கவர் மேல எழுதத் தெரியல, கண்ணு தெரியல, புத்தி பஸ் ஸ்டாண்ட்ல இருக்கு. இப்ப பாரு. நான் கவரை மாத்தி எடுத்துட்டு வந்ததாலதான் எல்லாம் நடந்திருக்கு. என் வாழ்க்கைல நான் செஞ்ச ஒரே உருப்படியான தப்பு அது. ஒத்துக்க.

மனைவி: ...

அறிவிப்பாளர்: ஒத்துக்கறதுக்கு என்ன? தலையாட்டு.

மனைவி: ஒரு வாரம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு ரேடியேஷன் டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தாங்க செஞ்சேன். நீங்க சரியாத்தான் பையில வச்சிருந்தீங்க. ஸ்கேன் அன்னிக்கு முழுக்க என் தையல் கூடைல துணிக்கு அடியில இருந்துச்சு... எதுவும் பேசாதீங்க. குரலுக்கு ஓய்வு.